கேளாமல் கொடுப்பது

பசியைப் பிணி என்றே நமது பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தப் பிணிக்கு மருந்தாக வடலூரில் 1867-ஆம் வருஷம் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு, எங்கள் கடலூர் ஜில்லாவில் இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. ஆனால், பசி இல்லாமல் போவதும் ஒரு பிணியாகலாம் என்பதை எனக்கு உணர்த்தியவர் சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் நண்பர்.

கடலூரில் என்னோடு ஒரே பெஞ்சியில் படித்தவர். எடை 130 கிலோ. சர்க்கரை வியாதி வேறு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ரண சிகிச்சை செய்துகொண்டார். இரைப்பையின் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய்போல் தைத்துவிடுகிற சிகிச்சை அது. ஒன்றரை வருஷத்தில் 40 கிலோ குறைந்தார். அதை நான் குறை சொல்லமாட்டேன். அது அவருக்கு ஆயுளைக் கொடுத்தது.

"பசியே எடுக்கலடா! ஒரு இட்லியோட சரி" என்று பூரித்துப்போவார்.

போன சித்திரையில் அவர் குடும்பத்தோடு நடராஜர் கோயிலுக்குப் போயிருந்தேன். பதினோரு மணி வெயிலில் பிரகாரத்துக் கருங்கல் கொதித்தது. நான் நிழலைத் தேடி ஓடினேன். அவரோ நிதானமாக நடந்து வந்தார்.

"உனக்குச் சுடலையா?"

"ஆறு மாசமா பாதம் மரத்த மாதிரி இருக்கு. வயசாயிடுச்சில்ல?" என்று சிரித்தார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. "நீங்களாவது சொல்லுங்கண்ணே. வைட்டமின் மாத்திரையை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. கேட்டா, 'எனக்குத்தான் ஒண்ணுமில்லையே'ங்கறாரு."

சர்க்கரையின் வேலையோ என்று சந்தேகித்த டாக்டர், இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். பி-12 என்ற ஜீவசத்து அடிமட்டத்தில் கிடந்தது.

உணவிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். பிறகு சிறுகுடலின் கடைக்கோடியில் அது உடம்பில் சேர்வதற்கு, இரைப்பையே சுரக்கிற ஒரு புரதமும் வேண்டும். வெட்டுப்பட்ட இரைப்பையில் இரண்டுமே குறைந்துவிடுகின்றன. மீனும் முட்டையும் தொடாத சைவருக்குப் பாலும் மோரும்தானே கதி! கல்லீரலில் பழைய சேமிப்பு இருக்கும்வரை இந்தத் தரித்திரம் வெளியே தெரியாது. தெரியும்போது நரம்பு நொந்திருக்கும். பி-1 சத்தின் சேமிப்போ சில வாரங்களுக்குத்தான் காணும். சிகிச்சைக்குப் பின் வாந்தி நிற்காவிட்டால், அந்தக் குறை மூளையையே தாக்கிவிடும். இரும்பு, சுண்ணாம்பு, டி ஜீவசத்து இவற்றின் கணக்கும் தனியே உண்டு.

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பாகத்தில் உண்டாகிறது. வெட்டி எடுப்பது அந்தப் பாகத்தைத்தான். பசிக்கு பி-12 என்றால் என்னவென்று தெரியாதுதான். ஆனாலும், பசித்தவன் நாலு விதமாகத் தின்பான். அதில் நாலு சத்தும் சேரும். இங்கே தேவை அப்படியே இருக்கிறது. கேட்கிற வாய்தான் அடைபட்டுவிட்டது.

ஊசி போட்டுக்கொண்ட பிறகு நண்பருக்குப் பாதி உணர்ச்சி திரும்பியிருக்கிறது. மீதிக்கு டாக்டர் உறுதி சொல்லவில்லை.

"சாகிற வரைக்கும் மாத்திரையா? வருஷா வருஷம் இரத்தச் சோதனையா?" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆமாம், சாகிற வரைக்கும்தான். கேட்டு வாங்கிக்கொள்ளும் சக்தியை இழந்துவிட்ட சரீரத்துக்கு, அது கேளாமலே கொடுக்க வேண்டும். தருமம் என்பதும் அதுதானே?