வெள்ளவத்தை வீட்டின் ஆறு யன்னல்கள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் நமது வீடு இருக்கின்றது. இரு மருங்கிலும் மாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்ட பின்னரும், ஓட்டுக் கூரையோடும் ஆறு மர யன்னல்களோடும் அது தாழ்ந்து நிற்கின்றது. சென்ற பங்குனியிற் கூரை திருத்த வந்த ஒப்பந்தகாரர் யன்னல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "எல்லாம் உக்கிப் போச்சு, ஐயா. கழற்றி எறிஞ்சுபோட்டு அலுமினியம் போடுவம். மூன்று நாள் வேலை" என்றார்.

அம்மா அப்போது ஒன்றும் பேசவில்லை. மாலையில் வழக்கம்போல மேற்குப்புற யன்னலின் அருகே கதிரையைப் போட்டு அமர்ந்தவர், "இதையும் கழற்றத்தான் வேணுமோ?" என்று மட்டுங் கேட்டார்.

அக்கேள்விக்கு விடை தேடியே நாம் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டோம். பழைய கதவு யன்னல்களைத் திருத்துவதில் தேர்ந்த முதிய தச்சாசாரியார் ஒருவர் அங்கே இருப்பதாக அயலவர் கூறியிருந்தனர்.

வெள்ளவத்தையிற் புகையிரதம் ஏறிக் கோட்டைக்குச் செல்வோர்க்கு இடப்பக்கம் கடல். வலப்பக்கம் கட்டடங்களின் முகம். நாள்தோறும் பார்க்குங் காட்சிதான். ஆயினும், யன்னலை மனத்திற்கொண்டு பார்த்தபோது அது புதிதாய்த் தோன்றியது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரையில் மேற்கு நோக்கிய முகங்களெல்லாம் ஒரே தண்டனையை அனுபவிக்கின்றன. பிற்பகல் வெயில் அவற்றின் மீதே விழுகின்றது. வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் உப்பையும் அவற்றின் மீதே அறைகின்றது. கொழும்பில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. கடலோரத்து யன்னலின் முதற் பகைவன் கறையான் அன்று. நீரே என்பதை அப்போதே ஒருவாறு உணர்ந்தோம்.

கோட்டையில் இறங்கிப் புறக்கோட்டையூடாக நடந்தோம். இளவரசர் வீதியில் ஒல்லாந்தர் காலத்து மாளிகையொன்று இருக்கின்றது. 17ஆம் நூற்றாண்டில் ஆளுநரின் இல்லமாக எழுந்து, பின்னர் மருத்துவமனையாகவும் தபாலகமாகவும் பயன்பட்டு, 1982ஆம் ஆண்டில் நூதனசாலையாகத் திறக்கப்பட்ட கட்டடம் இது. தடித்த சுவர், உயர்ந்த யன்னல், அவற்றிற்கு முன்னே தூண்கள் தாங்கும் அகன்ற விறாந்தை. வெயிலும் மழையும் விறாந்தையோடு நின்றுவிட, காற்று மட்டும் உள்ளே செல்லும். யன்னலைக் காப்பது பூச்சு மட்டுமன்று, அதன் மேல் நீளும் கூரையுமே என்பதை அந்தக் கட்டடம் சொல்லாமற் சொல்லுகின்றது.

மாணவர்களுக்கு ஈண்டு ஒரு செய்தி கூறலாம். நாம் வழங்கும் 'யன்னல்' என்னுஞ் சொல் போர்த்துக்கேயரின் 'ஜனேலா' என்பதிலிருந்து வந்தது. மேசை, கதிரை, அலுமாரி என்பனவும் அவ்வழி வந்தனவே. எனினும் பொருள் நமக்குப் புதிதன்று. பழந்தமிழர் அதனைக் 'காலதர்' என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்று பெயரிட்டவர்கள், யன்னலின் முதற் கடமை எதுவென்பதையும் அப்பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

செட்டியார் தெருவின் நகைக்கடைகளையும் கதிரேசன் கோயில்களையும் கடந்து, வுல்பெண்டால் குன்றில் ஏறினோம். 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் தேவாலயம் அங்கே நிற்கின்றது. அதற்கப்பால் கொட்டாஞ்சேனையின் குறுந்தெருக்கள். பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால், பக்கங்களில் யன்னல் வைக்க இடமில்லை. முன்னே தெரு, பின்னே முற்றம். ஆகவே அக்காலத் தச்சர் ஓர் உபாயஞ் செய்தனர். யன்னற் கதவிற் சாய்வான மரப்பட்டைகளை அடுக்கினர். நிலைக்கு மேலே பூவேலை செய்த துவாரப் பலகை வைத்தனர். கதவு பூட்டியிருக்கும் போதும் பட்டைகளின் இடைவெளியாற் காற்று உட்புகும். அறையிற் சூடேறிய காற்று மேலெழுந்து துவாரத்தால் வெளியேறும். தெருவிற் செல்வோர் கண்ணுக்கு வீட்டின் உள் தெரியாது. அழகுக்காகச் செய்யப்பட்டதென்று நாம் எண்ணியிருந்த வேலைப்பாட்டிற்கு இவ்வளவு பயன் இருந்தது.

ஆசாரியாரின் பட்டறை ஓர் ஒடுங்கிய கொட்டில். நாம் வந்த காரியத்தைக் கேட்டவர், விலை எதுவுங் கூறவில்லை. "முதலிலை யன்னலைப் பார்க்க வேணும், ஐயா. நோயாளியைப் பாராமல் மருந்து சொல்லலாமோ?" என்றார்.

அடுத்த கிழமை அவர் வீட்டிற்கு வந்தார். கையில் ஒரு சிறு கத்தி. ஒவ்வொரு யன்னலிலும் கீழ்க்கட்டை, நிலையின் அடி, மூலைப் பொருத்து ஆகிய இடங்களில் கத்தி முனையை அழுத்தினார். நல்ல மரம் முனையைத் தடுத்து நிறுத்தும். உக்கிய மரம் பாண்போல விட்டுக்கொடுக்கும். பின்னர் விரல் முட்டியால் தட்டினார். கறையான் தின்ற இடம் வெற்றுப் பெட்டிபோல ஒலிக்கும். ஒரு மணி நேரத்திற் கணக்கு வந்தது. ஒரு யன்னலில் ஒரு குறையும் இல்லை. நான்கில் அடிக்கட்டை மட்டுமே பழுது. ஒன்றின் நிலையைக் கறையான் முற்றாகத் தின்றுவிட்டது. எல்லாம் உக்கிப் போயிற்று என்ற தீர்ப்பு ஒன்றுக்கே பொருந்தியது.

இதற்குக் காரணம் மரத்தின் குற்றமன்று. யன்னலின் அடித்தளம் வெளிப்புறஞ் சரிந்திருக்க வேண்டும். நமது வீட்டிலோ பின்னர் பூசிய சீமெந்து அச்சரிவை மூடி, நீரை உட்புறந் திருப்பிவிட்டது. மேலும், படை படையாகப் பூசிய வர்ணம் வெடித்து, வெடிப்பினுள் புகுந்த நீரை வெளியே விடாது பிடித்து வைத்திருந்தது. இரும்புப் பிணைச்சல்கள் உப்புக் காற்றில் துருவேறிப் பருத்து, மரத்தைப் பிளந்திருந்தன. இக்காரணங்களை நீக்காமற் புது மரம் வைப்பின், சில ஆண்டுகளில் அதுவும் அவ்வாறே ஆகும்.

சித்திரையில் வேலை தொடங்கியது. முதலில் அடித்தளத்துச் சீமெந்தைக் கொத்திச் சரிவை மீட்டார். நீர் சுவரை நோக்கி ஊர்ந்து வராமற் சொட்டி விழுவதற்காக, முன்தள்ளிய விளிம்பின் அடிப்பக்கத்தில் நீளவாட்டாக ஒரு காடி வெட்டினார். உக்கிய அடிக்கட்டையை மட்டும் அறுத்தெடுத்து, அதே இன மரத்தில், நார் ஓடும் திசை பிசகாமற் புதுத் துண்டு சேர்த்தார். சேர்க்கும் வெட்டு சாய்வாக இருந்தது. மழைநீர் பொருத்திலே தங்காது வழிந்துவிடும். கட்டைகள் ஒன்றன் நாக்கை மற்றதன் துளையில் இறக்கி, மர ஆணி அடித்துப் பூட்டப்பட்டவை. ஆணியைத் தட்டியெடுத்தாற் பூட்டுக் கழலும். திருத்துவதற்கு இடம் வைத்தே அக்காலத்தவர் செய்திருக்கின்றனர். பிணைச்சல்களைப் பித்தளையில் மாற்றினார்.

பழைய வர்ணத்தைச் சுரண்டுவோர் ஓர் எச்சரிக்கையை மறக்கலாகாது. இலங்கையிற் பூச்சு வகைகளில் ஈயத்தின் அளவு 2013ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாமாதலின், நனைத்துச் சுரண்டுக, குழந்தைகளை அணுகவிடாதீர். மரத்திற்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் ஆகாது. அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயப்போட வேண்டும்.

மேற்குப்புற யன்னலைச் சுரண்டியபோது, பல பூச்சுகளின் அடியிலிருந்து ஒரு கரிய வடு வெளிப்பட்டது. 1983ஆம் ஆண்டு யூலையில் இவ்வொழுங்கையில் வீடுகள் எரிந்த நாளில் அந்த நிலையையும் தீ நக்கியிருந்தது. நாம் திரும்பி வந்து, அதன் மேல் வர்ணம் பூசி, பிறகு அதைப்பற்றிப் பேசாதிருந்தோம். ஆசாரியார் கத்தி முனையால் அழுத்திப் பார்த்தார். கரி மேலே ஒரு தோலாக மட்டும் இருந்தது; அதன் கீழே முதிரை மஞ்சளாய், உறுதியாய் இருந்தது. தடித்த மரத்தில் மேற்பரப்பு கரியாகி, உள்ளே தீ இறங்குவதைத் தாமதப்படுத்தும் என்று விளக்கினார்.

"என்ன செய்யட்டும், அம்மா? அடையாளமாய் விடவோ?" என்று கேட்டார்.

அம்மா சிறிது நேரம் அதனைத் தடவிப் பார்த்தார். "சீவி விடுங்கோ, ஆசாரியார். உள்ளுக்கு மரம் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

கறையான் தின்ற யன்னலுக்குப் புது மரந் தேர வேண்டியிருந்தது. தேக்கினுள் இயல்பாக உள்ள எண்ணெய் நீரையும் கறையானையும் தடுக்கும். எனவே மழை நேரே படும் முகத்திற்கு அது ஏற்றது. முதிரை மிகக் கடினமானது. பாரமும் விலையும் அதிகம். பலா தொடக்கத்தில் மஞ்சளாயிருந்து ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாகும். விறாந்தையின் காப்பில் நெடுங்காலம் நிற்கும். ஆனால் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. ஆகையால் பலா வாங்குவோர் அனுமதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்குதல் நன்று. எம்மரமாயினும் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். பச்சை மரம் யன்னலான பின்னர் முறுக்கும்.

புது வீட்டிற்குப் பழைய யன்னல் பொருந்துமோ என்று ஐயுறுவோர், கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் வேலைகளைக் காணலாம். 1919 முதல் 2003 வரை வாழ்ந்த அவர், கொள்ளுப்பிட்டியில் 33ஆம் ஒழுங்கையிலுள்ள தமது இல்லத்தில், இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் புதுச் சுவர்களிடையே வைத்தார். 1960களின் தொடக்கத்தில் எனா டி சில்வாவுக்கு அவர் அமைத்த இல்லம் விற்கப்பட்டபோது, 2009ஆம் ஆண்டில் அது பகுதி பகுதியாக இலக்கமிட்டுக் கழற்றப்பட்டு, பின்னர் லுணுகங்கையில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஒரு முழு வீடே அவ்வாறு பெயர்ந்து செல்லக்கூடுமாயின், இரண்டு யன்னல்கள் ஒரு மாடிக் குடியிருப்பினுள் செல்வது அரிதன்று.

அலுமினியத்தை நாம் பழிக்கவில்லை. அதனைக் கறையான் தின்னாது, வர்ணமும் வேண்டாம். மூன்று நாளில் முடிந்திருக்கும்; ஆசாரியாரின் வேலைக்கு நான்கு கிழமை சென்றது, கூலியும் குறைவன்று. ஆயினும் இரு கண்ணாடிகள் ஒன்றன்மேலொன்று நகரும் யன்னல் பாதியளவே திறக்கும். இரு கதவுகளும் விரியத் திறக்கும் மர யன்னலில் அதன் இருமடங்கு வழியாற் காற்று வரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு மாலையைக் கழிக்க விரும்பும் குடும்பத்திற்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

புறப்படும்போது ஆசாரியார் ஒரு புத்தி சொன்னார். மழைக்காலத்தில் மரம் ஈரங் குடித்துப் பருக்கும், யன்னல் இறுகும். உடனே சீவுளி எடுக்கலாகாது. சீவினால் வெயிற் காலத்தில் இடைவெளி விட்டு ஆடும். பொறுத்திருந்தால் தானே இளகும். ஆண்டுக்கொரு முறை, வைகாசி மழைக்கு முன்னர், அடிக்கட்டையைக் கத்தி முனையாற் சோதித்து, வெடிப்பை அடைத்து, பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டாற் போதும்.

வைகாசியின் முதல் மழை ஒரு ஞாயிறு பிற்பகலில் வந்தது. நீர் அடித்தளத்தின் சரிவில் ஓடி, காடியின் விளிம்பிற் சொட்டி, மதிலோரம் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை விட்டதும் அம்மா எழுந்து மேற்குப்புற யன்னலின் இரு கதவுகளையும் விரியத் திறந்தார். கடற்காற்று உள்ளே வந்தது.