கல்லூரித் திடலும் அதற்கு அப்பாலும்

அமெரிக்காவில் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் நவம்பர்த் திங்களின் பிற்பகுதியில், கல்லூரி மாணவர்களுக்கான தேசியக் குறுக்கோட்டப் போட்டி ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. புல்லும் மேடும், மழை பெய்தால் சேறுமாகக் கிடக்கும் பத்துக் கிலோமீட்டர் வழியில் இருநூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகின்றனர். முதல் நூறு மீட்டருக்குள்ளேயே முழங்கையோடு முழங்கை மோதும். முன்னணியில் வருவோர்க்கு அரை மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்துவிடும். மலேசியப் பள்ளிகளில் நடைபெறும் குறுக்கோட்டத்தைக் கண்டவர்களுக்கு இக்காட்சி முற்றிலும் புதிதன்று. கால்களின் வேகமும் கூட்டத்தின் பெருக்கமுமே வேறு.

இப்போட்டியின் கணக்கு விந்தையானது. ஒரு கல்லூரிக்கு எழுவர் ஓடுவர். அவர்களுள் முன்னால் வரும் ஐவரின் இடங்களைக் கூட்டி, எந்தக் கல்லூரியின் தொகை குறைவோ அதற்கே வெற்றி வழங்கப்படும். முதலாமவனாக வந்தால் ஒரு புள்ளி. நூறாமவனாக வந்தால் நூறு புள்ளி. ஆகவே, தனியொருவன் முதலிடம் பெறுவதால் மட்டும் கல்லூரி வென்றுவிடாது. செய்தியாளர்கள் முன்னால் ஓடும் வீரனைப் படமெடுக்க விரைகையில், பயிற்றுநர் மட்டும் பின்னால் வரும் ஐந்தாமவனைத் தேடிக்கொண்டிருப்பார். அவன் தொண்ணூறாவது இடத்திலிருந்து எழுபதாவது இடத்திற்கு ஏறினால், கணக்கில் ஏறத்தாழ இருபது புள்ளிகள் குறையும். மறுநாள் நாளேட்டில் அவன் பெயர் இராது. கோப்பையோ அவன் மூச்சைப் பற்றிக்கொண்டு வந்திருக்கும்.

கல்லூரி ஓட்டக்காரனின் காலம் நான்கு போட்டியாண்டுகள். அவற்றை ஐந்து ஆண்டுகளுக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த விதி. ஓர் ஆண்டில் அவனுக்கு மூன்று பருவங்கள்: இலையுதிர் காலத்தில் குறுக்கோட்டம், குளிர்காலத்தில் கூரையிட்ட அரங்கிற்குள் ஓட்டம், இளவேனிலில் திறந்த திடலில் ஓட்டம். எண்ணூறு மீட்டரும் ஆயிரத்தைந்நூறு மீட்டரும் ஓடும் நடுத்தூர வீரனும் இலையுதிர் காலத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். குறுந்தூர வீரனுக்கு ஓய்வுப் பருவம் உண்டு. இவனுக்கு அது வாய்ப்பது அரிது. வாரந்தோறும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியபடியே விரிவுரைக்குச் செல்கின்றான், தேர்வெழுதுகின்றான், பேருந்தில் உறங்குகின்றான்.

இத்தனைக்கும் அவன் பெறுவது என்ன? உபகாரச் சம்பளம் என்று சொல்லக் கேட்பவர்கள் முழுக் கட்டணமும் கிடைக்கும் எனக் கருதிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. முதற்பிரிவுக் கல்லூரிகளில் ஆடவர் திடல்தடப் பிரிவுக்கும் குறுக்கோட்டத்திற்கும் சேர்த்து 12.6 முழு உபகாரச் சம்பளங்களுக்கு மேல் வழங்கலாகாது என்ற வரம்பு 2025 வரை நீடித்தது. ஓடுபவர், தாண்டுபவர், எறிபவர் எனப் பலரும் அதனைப் பங்கிட்டுக்கொண்டனர். ஒருவனுக்குப் பாதி, மற்றொருவனுக்குப் புத்தகச் செலவு மட்டும், ஐந்தாமவனுக்குப் பெரும்பாலும் சீருடையும் காலணியும்.

இந்த அமைப்பு ஒரு மனிதனை எவ்வளவு உயரத்திற்கு ஏற்றும் என்பதற்கும், ஏற்றிய பின் எங்கே விட்டுவிடும் என்பதற்கும் ஹென்றி ரோனோவின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று இல்லை எனலாம்.

ரோனோ கென்யாவின் நாண்டி இனத்தவர். 1952ஆம் ஆண்டு பிறந்தவர். புகழ்பெற்ற கிப்சோகே கெய்னோவும் அவ்வினத்தவரே. குழந்தைப் பருவத்தில் மிதிவண்டியால் காலில் நேர்ந்த காயத்தினால், ரோனோ சில ஆண்டுகள் நடக்க இயலாமல் இருந்தவர். 1976ஆம் ஆண்டு மொன்றியால் ஒலிம்பிக்கில் அவர் ஓடியிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவுடன் ரக்பி ஆடிய நியூசிலாந்தை எதிர்த்து ஆப்பிரிக்க நாடுகள் பல அவ்விளையாட்டைப் புறக்கணித்தன, கென்யாவும் விலகியது. அதே ஆண்டு அவர் அமெரிக்காவின் வடமேற்கில், கோதுமை வயல் சூழ்ந்த குன்றுகளுக்கிடையே புல்மன் என்னும் சிற்றூரில் உள்ள வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. பயிற்றுநர் ஜான் சாப்ளின். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியன்று. வயதில் மூத்த அயல்நாட்டவரைக் கொண்டுவந்து உள்ளூர் இளைஞரின் இடத்தைப் பறிக்கின்றனர் என்ற முணுமுணுப்பு அன்று அமெரிக்கத் திடல்களில் பரவியிருந்தது. அந்த முணுமுணுப்பிற்கு நடுவேதான் அவர் முதலாண்டிலேயே தேசியக் குறுக்கோட்டத்தில் முதல்வராக வந்தார். 1977இல் மீண்டும் வென்றார்.

அடுத்து வந்தது 1978. ஏப்ரல் 8ஆம் நாள் கலிபோர்னியாவின் பெர்க்லியில் 5000 மீட்டரை 13 நிமிடம் 8.4 விநாடியில் ஓடி முடித்தார். பழைய உலகச் சாதனையில் நான்கரை விநாடி குறைந்தது. உலகச் சாதனை நிகழும் என எவரும் எதிர்பார்த்துக் கூடியிருந்த திருவிழா அன்று அது. கல்லூரி அளவிலான போட்டி. மே 13ஆம் நாள் சியாட்டிலில் 3000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் 8 நிமிடம் 5.4 விநாடி. சூன் 11ஆம் நாள் வியன்னாவில் 10,000 மீட்டரில் 27 நிமிடம் 22.4 விநாடி. சூன் 27ஆம் நாள் ஓஸ்லோவில் 3000 மீட்டரில் 7 நிமிடம் 32.1 விநாடி. எண்பத்தொரு நாளில் நான்கு உலகச் சாதனைகள்! தடைதாண்டும் ஓட்டத்தில் மரக்கட்டைகளையும் நீர்க்குழியையும் தாண்ட வேண்டும். 10,000 மீட்டரில் திடலை இருபத்தைந்து முறை சுற்ற வேண்டும். இரண்டும் வெவ்வேறு வகை உடலைக் கேட்பவை. ஒரே மனிதர் ஒரே பருவத்தில் இரண்டிலும் உலகில் முதல்வரானார்.

பத்தாயிரம் மீட்டரில் அவர் முறியடித்தது யாருடைய சாதனையை? அதே பல்கலைக்கழகத்தில் அவருடன் படித்த கென்ய மாணவர் சாம்சன் கிமோப்வா 1977இல் நிகழ்த்தியதை. தடைதாண்டும் ஓட்டத்தில் ரோனோவின் சாதனை பதினொரு ஆண்டுகள் நின்றது. 1989இல் அதனை மயிரிழையில் முந்திய பீட்டர் கோய்ச்சும் அப்பல்கலைக்கழகத்தின் மாணவரே. கோதுமை விளையும் சிற்றூர் ஒன்று இவ்வாறு உலகச் சாதனைகளின் விளைநிலமானது.

அந்தக் கோடையில் ரோனோ ஓய்வெடுக்கவில்லை. அல்ஜியர்ஸ் நகரில் ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டி. அங்கே இரண்டு தங்கம். எட்மண்டனில் காமன்வெல்த் போட்டி. அங்கும் இரண்டு தங்கம். கனியைப் பறித்தது போதாதென்று கிளையையும் வளைத்தார்கள். நவம்பரில் தேசியக் குறுக்கோட்டத்திற்கு வந்து நின்றபோது உடல் இடங்கொடுக்கவில்லை. நான்கு உலகச் சாதனைகளுக்கு உரியவர் இருநூறு பேருக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். அன்று வென்றவர் ஆரகன் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட்டோ சலசார். மறு ஆண்டு ரோனோ மீண்டும் வந்து மூன்றாம் முறையாக அப்பட்டத்தைக் கைப்பற்றினார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

1980இல் மாஸ்கோ ஒலிம்பிக். ஆப்கானிஸ்தான் போரைக் காரணங்காட்டிக் கென்யா மறுபடியும் விலகியது. இரண்டு ஒலிம்பிக்கும் அவர் கால்களுக்கு எட்டாமற் போயின. அதற்குள் குடிப்பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டிருந்தது. ஆயினும் 1981 செப்டம்பரில் நார்வேயின் க்னார்விக் என்னும் ஊரில் 5000 மீட்டரை 13 நிமிடம் 6.20 விநாடியில் ஓடித் தம் சாதனையைத் தாமே திருத்தினார். அதன்பின் சரிவு. பணம் கரைந்தது. வீடற்றவர் விடுதியில் தங்கினார், கார் கழுவினார், விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சுமந்தார்.

குடியைத் தேர்ந்தவர் அவரே. அப்பொறுப்பை எவர் தலையிலும் சுமத்த இயலாது. எனினும், பிறமொழியில் பாடங்கேட்ட ஓர் இளைஞரின் கைக்கு ஐரோப்பியப் போட்டிகளில் திடீரெனப் பணம் வந்தபோது, அதனை எண்ணவும் காக்கவும் கற்றுக்கொடுக்க அருகில் இருந்தவர் யார் என்ற கேள்வி நிற்கின்றது. ஊதியத்திற்கு ஓடலாகாது என்பது அன்றைய விதி. அவ்விதியால் பணம் நின்றுவிடவில்லை, மறைவில் கைமாறியது. மறைவில் வந்த பணத்திற்குக் கணக்குமில்லை, காப்புமில்லை.

அதே விதி அமெரிக்கரையும் வாட்டியது. ஆரகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பிரிஃபான்டேன் 1970, 1971, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளில் தேசியக் குறுக்கோட்டத்தை வென்றவர். 1972 மியூனிக் ஒலிம்பிக் 5000 மீட்டரில் நான்காமவர். கல்லூரியை விட்டு வெளிவந்ததும் உபகாரச் சம்பளம் நின்றது. ஊதியம் பெறவும் தடை. நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர் ஏழைகளுக்கு அரசு தரும் உணவுச் சீட்டைக் கொண்டு காலந்தள்ளினார். இந்த நிலையை எதிர்த்து அவர் வெளிப்படையாகக் குரலெழுப்பினார். 1975 மே 30ஆம் நாள் கார் விபத்தில் மாண்டபோது அவருக்கு வயது 24.

அவருடைய பயிற்றுநர் பில் பவர்மன். பவர்மனிடம் அதற்கு முன்பு பயின்ற மற்றொரு நடுத்தூர ஓட்டக்காரர் உண்டு. பெரிய பட்டம் எதனையும் ஓடி வெல்லாதவர். கல்லூரி முடித்து வணிகவியல் கற்ற அவர், 1964இல் பயிற்றுநருடன் சேர்ந்து ஆளுக்கு ஐந்நூறு டாலர் போட்டு, ஜப்பானியக் காலணிகளை விற்கத் தொடங்கினார். பில் நைட் என்பது அவர் பெயர். அவ்வணிகமே பின்னர் நைக்கி ஆயிற்று. வென்றவர்களின் கால்களில் இருந்த காலணி, வெல்லாதவரைச் செல்வராக்கியது. ஓட்டத்தின் ஊதியம் எந்த வாயிலால் வரும் என்று யாரே அறிவார்!

ஆங்கிலேயர் ரோஜர் பேனிஸ்டரின் வழி வேறு. ஆக்ஸ்போர்டில் ஓடக் கற்றவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் 1500 மீட்டரில் நான்காமவராகிப் பலரின் ஏச்சுக்கு ஆளானவர். 1954 மே 6ஆம் நாள், ஒரு மைல் தொலைவை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிடத்திற்குள் ஓடிய முதல் மனிதரானார். அன்று அவர் லண்டனில் மருத்துவ மாணவர். காலையில் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டே மாலையில் ஓடினார். அவ்வாண்டு முடிவதற்குள் ஓட்டத்தையும் நிறுத்தினார். நரம்பியல் மருத்துவராக நெடுங்காலம் உழைத்து, தம் மருத்துவப் பணியே மைல் ஓட்டத்தைவிடப் பெரிது எனக் கருதி, 2018இல் மறைந்தார். அவருக்கு ஓட்டம் கல்வியின் ஓரத்தில் இருந்தது. ரோனோவுக்கோ கல்வி ஓட்டத்தின் ஓரத்தில் வைக்கப்பட்டது. பேனிஸ்டருக்கு வாய்த்த நாடும் குடும்பமும் பள்ளியும் ரோனோவுக்கு வாய்க்கவில்லை என்பதை மறந்து இருவரையும் ஒப்பிடுவது முறையாகாது.

கல்லூரி ஓட்டத்தைக் கொண்டு ஒருவரின் எதிர்காலத்தை அளந்துவிடவும் முடியாது. லக்கோட்டா இனத்தைச் சேர்ந்த பில்லி மில்ஸ் பன்னிரண்டு வயதாகும்போதே தாய் தந்தை இருவரையும் இழந்திருந்தவர். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் நல்ல ஓட்டக்காரர் எனப் பெயரெடுத்தாரே தவிர, தேசியக் குறுக்கோட்டப் பட்டம் பெறவில்லை. கடற்படைப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தபின், 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் யாரும் எதிர்பாராவண்ணம் தங்கம் வென்றார். பின்னாளில் தம் இனத்துப் பிள்ளைகளுக்கு உதவும் அமைப்பை உருவாக்குவதில் பங்கேற்றார்.

பெண்களுக்கு இவ்வாசல் தாமதமாகவே திறந்தது. கல்வி நிலையங்களில் ஆண் பெண் வேறுபாடு காட்டலாகாது என்ற சட்டம் அமெரிக்காவில் 1972இல் வந்தது. கல்லூரிகளின் தேசிய விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான குறுக்கோட்டத்தை 1981இல்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் படித்தவர் ஜோன் பெனோய்ட். 1979இல் போடின் கல்லூரி மாணவியாக இருக்கையிலேயே போஸ்டன் மராத்தானை வென்ற அவர், 1984 லாஸ் ஏஞ்சலிஸில் பெண்களுக்கென நடந்த முதல் ஒலிம்பிக் மராத்தானிலும் தங்கம் பெற்றார். தகுதிப் போட்டிக்குப் பதினேழு நாள் முன்புதான் அவர் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது.

இன்று விதிகள் மாறிவிட்டன. 2021 சூலை முதல் கல்லூரி விளையாட்டாளர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டலாம். பிரிஃபான்டேனுக்கு மறுக்கப்பட்டது இப்போது முதலாண்டு மாணவனுக்கும் கிட்டுகின்றது. 2025இல் உபகாரச் சம்பள வரம்பும் நீங்கியது. புதிய ஏற்பாட்டில் இணைந்த கல்லூரி, விரும்பினால் தன் ஓட்டக்காரர் அனைவருக்கும் முழுச் சம்பளம் வழங்கலாம். அதற்கு ஈடாக ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்துள்ளது: குறுக்கோட்ட அணியில் பதினேழு பேருக்கு மேல் இருத்தலாகாது. முன்பு உபகாரச் சம்பளம் எதுவுமின்றி, காலணியும் சீருடையும் போதுமென்று அணியின் கடைசியில் சேர்ந்து, மூன்றாண்டு ஓடி, நான்காம் ஆண்டில் ஐந்தாமவனாக உயர்ந்த மாணவர்கள் உண்டு. அத்தகையோர் பலர் பின்னர்ப் பள்ளி ஆசிரியர்களாகவும் பயிற்றுநர்களாகவும் ஆயினர். பதினெட்டாமவனாக வருபவன் இப்போது அணியின் பேருந்தில் ஏற முடியாது.

ரோனோ பின்னாளில் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் நிலைத்தார். குடியை விட்டார், சிறப்புக் கல்வி பெறும் மாணவர்களுக்கான பள்ளிப் பணியில் ஈடுபட்டார், இளைஞர்களுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தார், தம் வரலாற்றை நூலாக எழுதினார். ஐம்பத்தைந்து வயதில் மீண்டும் உடலை இளைக்கவைத்து, அவ்வயதினருக்கான மைல் சாதனையை எட்டவும் முயன்றார். 2019இல் கென்யாவுக்குத் திரும்பினார். 2024 பிப்ரவரி 15ஆம் நாள், எழுபத்திரண்டு வயது நிறைந்த மூன்றாம் நாளில், நைரோபியில் காலமானார்.