பேசாத பிள்ளைக்கு என்ன வேலை?

தமிழ்ப்பள்ளியில் ஓரங்க நாடகம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பாண்டியன் அவைதான். கண்ணகி பேசுவாள், மன்னன் பேசுவான். மற்றப் பிள்ளைகள் அட்டை ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். சற்று நேரத்தில் ஒருவன் கொட்டாவி விடுவான், அடுத்தவன் கூட்டத்தில் அம்மாவைத் தேடுவான். அவர்கள்மேல் தப்பில்லை. நாம்தான் வேலை எதுவும் கொடுக்கவில்லை.

மலேசியாவின் கேரி தீவுப் பக்கம் நாடகம் பழக்கப் போகும் நான், எந்தப் பிரதியைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்: வசனம் இல்லாத பிள்ளை மேடையில் என்ன செய்துகொண்டிருக்கும்? லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கண்ணுக்கெட்டியவரை செம்பனை. குடும்பங்கள் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் பெயர்ந்துவிட்டால் தோட்டப் பள்ளியில் ஒரு வகுப்பு என்பது சில மேசைகள்தான். இரண்டாம் ஆண்டுச் சிறுமியும் ஆறாம் ஆண்டுப் பையனும் ஒரே நாடகத்தில் நடித்தாக வேண்டும். யாரையும் விட்டுவிடவும் முடியாது. விட்டுவிட்டால் அந்த வீட்டிலிருந்து பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள்.

சிலப்பதிகாரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் எனக்குப் பிடித்த வேடம் வாயிலோன். வாசலில் வந்து நிற்பவளைக் கண்டு அரண்டு ஓடிவருகிறான், கண்டதைச் சொல்கிறான், போய்விடுகிறான். வர ஒரு காரணம், சொல்ல ஒரு சேதி. கூச்சமுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல வேடம் கிடையாது. ஒரு பிரதியில் இப்படி எத்தனை வாயிலோன்கள் தேறுவார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன்.

பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யைச் சிலர் சொல்வார்கள். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுக்கும் வேலைக்காரன். பிள்ளைகள் வாசிக்கும்போதே சிரித்துவிடுவார்கள். ஆனால் பாரம் முழுவதும் அந்த இருவர் தோளில். கெட்டிக்காரப் பிள்ளைகள் இருவர் மட்டும் இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

ஈழத்துச் சிறுவர் நாடகங்களின் போக்கு வேறு. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா', சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' என்று ஒரு வரிசையே இருக்கிறது. அந்த மரபில் பாட்டும் ஆட்டமும் அலங்காரம் அல்ல, கதையை நடத்துபவை. குழுவாக நின்று பாடும் பிள்ளைகளே காடாகவும் ஆகலாம், ஊர்க்கூட்டமாகவும் ஆகலாம். மரமாக நிற்பதற்கும் ஈட்டி பிடித்து நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு. காற்றடித்தால் மரம் அசைய வேண்டும். அதனால் மரமாக நிற்கும் பிள்ளை நாடகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும்.

ஆசிரியர்கள் ஆசையோடு நீட்டும் இன்னொரு வகை, தோட்டத் துயரம். குடிகார அப்பா, அழும் அம்மா, படிப்பை நிறுத்தும் மகள், கடைசியில் தலைமையாசிரியர் வந்து திருத்துவார். எனக்கு இதில் உடன்பாடில்லை. பத்து வயதுப் பையன் தள்ளாடிக்கொண்டு வந்தால் மண்டபம் சிரிக்கும். எழுதியவர் அழவைக்க எழுதியதுதான், இருந்தாலும் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் சிரிக்காமல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். அது யார் வீட்டுப் பிள்ளை என்று பள்ளிக்கே தெரியும். பெரியவர்கள் செய்யும் தப்பைச் சின்னப் பிள்ளைகளை நடிக்கவைத்துப் பெரியவர்களுக்கே காட்டுவதில் என்ன நியாயம்? தோட்டம் மேடைக்கு வரட்டும். காணாமல்போன ஆட்டைத் தேடிச் செம்பனை நிரைக்குள் போகும் நான்கு பிள்ளைகள், வழியில் ஒரு பாம்பு, சத்தம் கேட்டு வரும் மண்டோர் என்ற மேற்பார்வையாளர்: பிள்ளைகளுக்கு இந்த அளவு தோட்டம் போதும்.

முகமூடி என்ற பேச்சு எழுந்தால் தீவில் உடனே ஓர் ஆசை வரும். பூர்வகுடி மக்களான மா மெரியினரின் சுங்கை பும்புன் கிராமம் பக்கத்திலேயே இருக்கிறது. மரத்தில் முகமூடி செதுக்குவதில் பெயர் பெற்றவர்கள். ஆனால் அவை அவர்களுடைய மோயாங், அதாவது முன்னோர் ஆவிகளின் முகங்கள். நம் நரிக்கும் பூதத்துக்கும் அவற்றை இரவல் வாங்கக் கூடாது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் செதுக்குவதைக் காட்டலாம். நம் நரியை நாமே பெட்டி அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். முகமூடிக்குள் குரல் அமுங்கிவிடும். ஆகவே அதை வசனம் இல்லாத பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன்.

ஆண்டு விழாவில் நாடகத்துக்கு 15 நிமிடம் கிடைத்தால் பெரிது; சிறப்புரை நீண்டால் அதுவும் சுருங்கும். ஒத்திகையோ பள்ளி வேன் கிளம்பும்வரைதான். எனவே ஒரே இடம், ஒரே பொழுது. திரையில்லாத மண்டபத்தில் காட்சி மாறினால் நாற்காலி தூக்கும் பையன்களைத்தான் கூட்டம் பார்க்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் நாட்டிய நாடகம் பார்த்துவிட்டு வரும் பெற்றோர் வண்ண விளக்கு கேட்பார்கள். கேட்கட்டும்.

பிரதியை வெட்டுவதற்கு முன் உரிமையையும் பார்க்க வேண்டும். மலேசியச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 50 ஆண்டுகள்வரை பதிப்புரிமை நீடிக்கும். பம்மல் மறைந்தது 1964இல். அவரை வெட்டலாம், ஒட்டலாம். ஈழத்துப் பிரதிகளில் அந்தச் சுதந்திரம் இல்லை. சண்முகலிங்கம் மறைந்ததே 2025இல்தான். நம் பிள்ளைகளின் வாய்க்கு ஏற்றபடி ஒரு சொல்லை மாற்றுவதானாலும் எழுதிக் கேட்க வேண்டும். எந்த வரியை மாற்றப்போகிறோம் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுவேன். பதில் வர நாளாகும். வேடம் பிரிப்பதற்கு முன்பே கடிதம் போய்விட வேண்டும்.