மூன்று மரை

என் நண்பனின் வலது கட்டைவிரல் நுனியில் உணர்ச்சி இல்லை. பாரிஸில் ஓர் உணவகச் சமையற்கட்டில் கத்தி பிடித்துப் பிழைத்தவன் அவன். அந்த விரலைக் கெடுத்தவன் நான். விபத்து என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

என்னிடம் பழைய சித்ரோயன் பிஎக்ஸ் கார் ஒன்று இருந்தது. 1982 முதல் 1994 வரை வந்த மாடல். அதில் சுருள் வில் கிடையாது. போல் மாஜெஸ் என்ற பொறியாளர் உருவாக்கி, 1955-இல் டிஎஸ் காரோடு புகழ்பெற்ற ஏற்பாடு அது. சக்கரத்துக்கு ஒரு எஃகுக் கோளம். உள்ளே ரப்பர் சவ்வு. சவ்வுக்கு ஒரு பக்கம் அழுத்தி அடைத்த நைட்ரஜன், மறுபக்கம் எல்எச்எம் என்ற பச்சை எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறினால் எண்ணெய் சவ்வைத் தள்ளும். வாயு சுருங்கி விரியும். வில் செய்யும் வேலையை அந்த வாயு செய்கிறது.

ஆண்டுக்கணக்கில் நைட்ரஜன் ரப்பர் வழியாகவே கசிந்துவிடும். பிறகு வண்டி கட்டை வண்டிதான். ஒவ்வொரு குழியும் முதுகில் இறங்கும். அப்போது கோளத்தை மாற்ற வேண்டும். புதியது சில பத்து யூரோவுக்குக் கிடைக்கும். எனக்கு அந்தப் பணம் இல்லாமல் இல்லை. நானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

முதலில் சோதிக்கும் கருவி செய்தேன். பாட்டில் ஜாக்கியின் பம்பைக் கழற்றி, கோளம் பொருந்துமாறு ஒரு அடாப்டரைக் கடைந்து, நடுவில் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்தேன். கைப்பிடியை அடித்தால் முள் விறுவிறுவென்று ஏறும். எண்ணெயின் அழுத்தம் உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தத்தைத் தொட்டதும் சவ்வு நகரத் தொடங்கும். அதற்குப் பிறகு முள் மெதுவாகத்தான் ஏறும். அந்த வேகம் தளரும் இடத்தில் கேஜ் காட்டுவதே கோளத்தில் மிஞ்சியிருக்கும் அழுத்தம். கருவி வேலை செய்தது. தெரிந்தவர்களை வரவழைத்துக் காட்டினேன். அவர்கள் மெச்சினார்கள். தலைக்கனம் ஏறியது.

அந்தக் கருவி எனக்கு ஓர் எச்சரிக்கையும் தந்தது. 55 பார் என்று பொறித்த புதுக் கோளம் ஒன்றைக் கடனாக வாங்கிச் சோதித்தேன். என் கேஜ் 45 காட்டியது. நான் வாங்கியிருந்தது 400 பார் வரை அளக்கும் மலிவான கேஜ். அதன் முகப்பிலேயே 2.5 என்று போட்டிருந்தது. முழு அளவில் இரண்டரை சதவீதம் பிசகலாம் என்று அதற்கு அர்த்தம். அதாவது 10 பார். எனக்கு அது தெரியும். இருந்தும், "புதுசுலயே குறைச்சு அடைச்சு ஏமாத்துறான் பார்" என்று சிரித்தேன். நான் செய்த பொருள் தவறாது என்று நம்பினேன்.

அடுத்து வாயு அடைக்கும் கருவி. சில கோளங்களின் தலையில் அடைக்கும் திருகு இருக்கும். என்னுடையவற்றில் இல்லை. பற்றவைத்து மூடியவை. அதில் ஒன்றைத் துளைத்து, மரை வெட்டி, 8 மில்லிமீட்டர் திருகு போட்டேன். அந்த ஓடு மெல்லியது. திருகைப் பிடித்திருந்தது மூன்றே மரை. போதாது என்று என் கண் சொன்னது. வாய் "தாங்கும்" என்றது.

சாதாரண வெல்டிங் ரெகுலேட்டர் இவ்வளவு அழுத்தம் தராது. அதற்கென்று உள்ளதை வாங்க மனம் வரவில்லை. 200 பார் சிலிண்டரின் வால்வைக் கையாலேயே திறந்து மூடிச் சமாளித்தேன். நைட்ரஜனுக்குப் பதில் காற்றை அடைக்கக்கூடாது, எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் பற்றிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சரியாகச் செய்தேன். ஆகவே ஒன்றும் தெரியாதவன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

உதவிக்கு நண்பனைக் கூப்பிட்டேன். அவனுக்கு அன்று விடுமுறை. கோளத்தை வைஸில் இறுக்கினோம். அதே கேஜில் 55 வரும்வரை அடைத்தேன். உள்ளே 65 வரை இருந்திருக்கலாம். அவ்வளவு அழுத்தம் 8 மில்லிமீட்டர் திருகை 30 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு வெளியே தள்ளும். கருவியைக் கழற்றினேன். அவன் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவினான். திருகைச் சுற்றிக் குமிழி வந்தது.

"கசியுது. காத்தை இறக்கிடலாமா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது சரி. கருவியை மறுபடி மாட்டி, வாயுவை வெளியேற்றிவிட்டுத்தான் திருகைத் தொட வேண்டும். அதைச் செய்தால் தோற்றதாக ஆகும் என்று எனக்குப் பட்டது. "ஒரு கால் சுத்துதான், பிரஷ்ஷை எடுக்காதே, குமிழி நிக்குதான்னு பாரு" என்றேன். ஆலன் சாவியைப் போட்டு இறுக்கினேன். சாவி ஒரு கணம் கனத்தது. பிறகு சட்டென்று லேசானது. மரை உரிந்துவிட்டது. திருகும் சாவியும் சேர்ந்து பறந்தன. அவன் கட்டைவிரலைக் கிழித்தன. எனக்கு ஒரு கீறலும் இல்லை.

மருத்துவமனையில் நரம்பு அறுந்திருக்கிறது என்றார்கள். அவன் மனைவி ஓடி வந்தாள்.

"எப்படி அண்ணா ஆச்சு? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"அவன் கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்மா" என்றேன்.

இந்த வாக்குமூலத்தில் மிகக் கேவலமான வரி இதுதான். மரை உரிந்ததற்கு என் அகந்தை காரணம் என்றால், இதற்கு என் கோழைத்தனம் காரணம். அவன் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். மறுக்கவில்லை. அந்த மௌனத்தை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு நெடுநாள் ஓட்டினேன். அவன் வேலை போனது. இப்போது ஒரு கிடங்கில் கணக்குப் பார்க்கிறான். சம்பளம் குறைவு.

இதை எழுதுவதற்கு முன் அவன் மனைவியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "அவர் அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டார் அண்ணா. நீங்களா வந்து சொல்ற வரைக்கும் கேட்காதேன்னார்" என்றாள். அவன் சம்பளத்தில் விழுந்த துண்டை இப்போது மாதாமாதம் நான் கொடுக்கிறேன். அதைப் பெருந்தன்மை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். கடன் அது.

வீட்டிலேயே கருவி செய்யும் கைக்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கோளத்தைச் சோதித்துப் பாருங்கள், தவறில்லை. பற்றவைத்து மூடிய கோளத்தைத் துளைக்காதீர்கள், புதியது வாங்குங்கள். அழுத்தம் உள்ளே இருக்கும்போது கசியும் திருகை இறுக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் "இறக்கிடலாமா" என்று கேட்டால், உடனே இறக்கிவிடுங்கள்.