நாமக்கல் டிரெய்லரும் மேட்டூர் பரிசலும்

ஒரே பாறையில் எழுந்த மலைக்கோட்டை நாமக்கல்லின் அடையாளம். லாரிக்கும் டிரெய்லருக்கும் பாடி கட்டும் பட்டறைகள் இன்னொரு அடையாளம்.

இரும்புச் சரக்கோ, சின்னப் பாய்மரப் படகோ, கணக்கு ஒன்றுதான். ஏற்றும் பொருளின் எடையோடு டிரெய்லரின் சொந்த எடையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நான்கு டயர் கொண்ட ஒற்றை ஆக்ஸிலுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு, 2018-ல் 11.5 டன் ஆனது. வரம்புக்குள் இருந்தாலும், பாரம் பின்பக்கம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். பக்கத்தில் பைக்கில் வருபவருக்கு அது உயிர் விஷயம்.

1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்குப் போனால், டிரெய்லரே தேவையில்லாத படகைப் பார்க்கலாம். பரிசலைத் தலையில் கவிழ்த்தபடி நடந்தே கரையேறுவார்கள் மீனவர்கள். ஓர் ஆள் தூக்கும் எடைதான் அதன் அளவு!