நீகான் மாறிய கலம்

அகநானூற்றின் 255ஆம் பாட்டில், மாடத்து விளக்கொளியால் துறையறிந்து கலஞ்செலுத்தும் நீகான் ஒருவன் வருகிறான். வகுப்பில் அவனை வியந்து பேசும் நாம், சென்ற மாதம் நீகானைத் தவறான கலத்தில் ஏற்றிவிட்டோம்.

திரேஸ்புரத்துச் சங்குகுளியாளரின் தொழிற்சொற்களை ஆயும் மாணவிக்கென ஒரு வன்தட்டை நம் பழைய கணினியில் இணைத்து லினக்ஸ் நிறுவினோம். கணினியை எழுப்பும் 'கிரப்' நிரலை எத்தட்டில் எழுதுவதென்று கேட்டபோது, முதலில் நின்ற பெயரையே ஏற்றோம். அது நம்முடைய தட்டு.

மாணவியின் கணினி அந்த வன்தட்டிலிருந்து எழவில்லை. வீடு திரும்பினால் நம் கணினியிலும் கறுப்புத் திரை. 'கிரப் ரெஸ்க்யூ' என்ற ஒற்றை வரி. கிரப் தேடிய கோப்புகள் மாணவியின் வீட்டில் இருந்தன! நம் தட்டிலோ இரண்டாண்டு ஒலிப்பதிவுகள். பேசியவர்களுள் மூவர் இன்றில்லை. வேறு நகலும் இல்லை. (நகலெடுத்து வையுங்கள் என்று மாணவரிடம் ஓயாது சொல்பவர்கள் நாம்.)

உறங்காமல் படித்தபோதுதான் தெரிந்தது: இவ்வகைத் தட்டின் முதல் 512 பைட்டில் தொடக்க நிரலுக்குரியவை 446 மட்டுமே. பகிர்வு அட்டவணை அதன்பின் 64 பைட்டில் தனியே கிடக்கிறது. கிரப் அதைத் தொடுவதில்லை.

மறுநாள் வன்தட்டை வாங்கிவந்து இணைத்ததும் கணினி எழுந்தது. இம்முறை பெயரோடு கொள்ளளவையும் சரிபார்த்து, அவரவர் தட்டில் அவரவர் கிரப்பை எழுதினோம். பிறகு ஒரு பதிவைத் திறந்தோம். 1961ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் இறங்கிய முதியவர், மூச்சு முட்டும்போது கயிற்றை எப்படி அசைப்பதென்று சொல்லிக்கொண்டிருந்தார்.