டேங்க் பெருசா இருந்தா மட்டும் போதுமா?

ஒரு சின்னக் கேள்வி. நீங்க வண்டி ஓட்டிட்டு இருக்கீங்க. உங்க சீட்டுக்குப் பின்னாடி, ஒரு ஜாண் தள்ளி, 76 லிட்டர் பெட்ரோல் இருக்கு. நிம்மதியா ஓட்டுவீங்களா?

கற்பனை இல்லைங்க. 1967-லிருந்து 1972 வரை அமெரிக்காவில் வந்த செவர்லே சி10 பிக்கப் ட்ரக்கோட பெட்ரோல் டேங்க் அங்கேதான் இருந்தது. கேபினுக்குள்ளேயே, சீட்டுக்கு நேர் பின்னாடி. கொள்ளளவு சுமார் 20 கேலன்.

செமஸ்டர் லீவுல பழைய ட்ரக்குகளைப் புதுப்பிக்கிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு இந்த வண்டி மேல ஒரு கிறுக்கே பிடிச்சிருச்சு. அழகான வண்டி. ஆனா தாகம் ஜாஸ்தி. வி8 இன்ஜின் போட்டது கேலனுக்கு 10, 12 மைல் கொடுத்தாலே பெரிய விஷயம். நம்ம கணக்குல லிட்டருக்கு 4, 5 கிலோமீட்டர். ஃபுல் டேங்க் அடிச்சா 350 கிலோமீட்டர் ஓடும், அவ்வளவுதான். அதனால இந்த வண்டி வச்சிருக்கிற நிறைய பேர் பெரிய டேங்குக்கு மாறிடறாங்க.

அவங்களுக்குப் பிடிச்ச வழி, அதே கம்பெனியோட கே5 பிளேசர் வண்டியில வர்ற 31 கேலன் டேங்க். அதாவது 117 லிட்டர். அதைப் பின் ஆக்ஸிலுக்குப் பின்னாடி, சேஸிஸோட ரெண்டு சட்டத்துக்கும் நடுவுல, ஸ்டெப்னி தொங்குற இடத்துல மாட்டறாங்க. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா: பெட்ரோலும் கேபினை விட்டு வெளியே போயிடுது, ஓடுற தூரமும் 500 கிலோமீட்டரைத் தாண்டுது.

கேட்க ஈஸியா இருக்குல்ல? ஆனா இது வாளியை மாத்தி வைக்கிற வேலை இல்ல. டேங்க் இடம் மாறினா அதோட சேர்ந்து நாலு விஷயம் மாறும்.

முதல்ல எடை. 117 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 87 கிலோ. பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி ஒரு ஆளை நிரந்தரமா உட்கார வச்ச மாதிரி. பிரேக் போட்டா உள்ளே அலை அடிக்கும், அதனால தடுப்புத் தகடு வேணும்.

ரெண்டாவது பம்ப். பழைய டேங்க் உயரமா, இன்ஜினுக்குக் கிட்ட இருந்தது. இப்போ தாழ்வா, தூரமா போயிடுச்சு. இன்ஜின்ல இருக்கிற பழைய மெக்கானிக்கல் பம்ப் அவ்வளவு தூரத்துல இருந்து உறிஞ்சணும். வெயில்ல குழாய்க்குள்ள பெட்ரோல் ஆவியாகி அடைச்சுக்கலாம். டேங்குக்குப் பக்கத்துல எலக்ட்ரிக் பம்ப் வச்சா தீரும், ஆனா வண்டி மோதினா அந்த பம்ப் தானா நிக்கணும். அதுக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் கட்டாயம்.

மூணாவது காற்று. வெப்பம் 20 டிகிரி ஏறினா ஃபுல் டேங்க் பெட்ரோல் 2 லிட்டருக்கு மேல விரியும். அதுக்குக் காலி இடமும், ஆவி போக வழியும் வேணும். வண்டி கவிழ்ந்தா அந்த வழியே மூடிக்கிற வால்வும் வேணும்.

நாலாவது மீட்டர். இந்த வண்டியோட மீட்டருக்கு 0 ஓம்னா காலி, 90 ஓம்னா ஃபுல். அந்தக் கால ஃபோர்டு டேங்க்ல இது தலைகீழ்: காலியா இருந்தா 73 ஓம். அந்த ஃப்ளோட்டை இதுல மாட்டினா, சொட்டு பெட்ரோல் இல்லாதப்போ "நிறைய இருக்கு"ன்னு மீட்டர் சந்தோஷமா காட்டும்!

இதெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். அப்பா 22 வருஷம் லாரி ஓட்டினவர். கேபின்லயே சமைச்சு, கேபின்லயே தூங்கினவர். பம்ப், ஓம் எதுவும் அவர் காதுல ஏறல. சீட்டுக்குப் பின்னாடி டேங்க்னு சொன்ன இடத்துலயே நின்னுட்டார்.

"ஏங்கண்ணு, தலைமாட்டுல பெட்ரோலை வெச்சுக்கிட்டு எவன் தூங்குவான்? டேங்க்னா வெளியதான் இருக்கோணும்."

அப்பா சொன்னதைத்தான் அந்தக் கம்பெனி 1973-லேயே செஞ்சது. புது மாடல்ல டேங்கை கேபினை விட்டு வெளியே எடுத்து, சேஸிஸ் சட்டத்துக்கு வெளிப்பக்கம் மாட்டினாங்க. ரெண்டு பக்கமும் போட்டா 40 கேலன் வரைக்கும் பிடிக்கும். கொள்ளளவு டபுள். ஆனா பக்கவாட்டுல இன்னொரு வண்டி மோதினா அடி வாங்குறது டேங்க்தான், காப்பாத்த நடுவுல சட்டம் கிடையாது. தீ விபத்து, வழக்குன்னு வருஷக்கணக்கா ஓடுச்சு. 1994 அக்டோபர்ல அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, இதனால சுமார் 150 பேர் இறந்ததா சொன்னது. கம்பெனி தன் வண்டியில குறை இல்லைன்னே சொல்லிச்சு. கடைசியில டிசம்பர்ல வண்டிகளைத் திரும்பப் பெறாமலேயே சமரசம். பாதுகாப்புத் திட்டங்களுக்கு 51 மில்லியன் டாலருக்கு மேல கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடியே, 1988 மாடல்ல டேங்க் சட்டத்துக்கு உள்பக்கம் வந்துடுச்சு.

"அப்போ நம்ம லாரிக்கும் டேங்க் சட்டத்துக்கு வெளியதானேப்பா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "அது டீசல் கண்ணு. டீசலும் எரியும். ஆனா எறங்கி ஓட நேரங் குடுக்கும். ரோட்டோரம் ஒரு லாரி எரியறதப் பாத்திருக்கேன். டிரைவர் இந்தப் பக்கம் நின்னு அழுதுட்டிருந்தான். நின்னானே, அது போதும்."

அவர் சொன்னது சரி. பெட்ரோல் குளிர்லயே தீப்பிடிக்கிற ஆவியை விடும். டீசல் சாதாரண வெப்பத்துல அவ்வளவு லேசுல விடாது. புக்குல ஃப்ளாஷ் பாயிண்ட்னு படிச்சு ரெண்டு மார்க் வாங்கியாச்சு. அது ஒரு டிரைவர் இறங்கி ஓடுற நேரம்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

ஜூனியர்ஸ், உங்க கோ-கார்ட்ல பெரிய டேங்க் வைக்கணும், எலக்ட்ரிக் பைக்ல பெரிய பேட்டரி வைக்கணும்னு பிளான் போடுவீங்க. எத்தனை லிட்டர், எத்தனை கிலோவாட்-ஹவர்னு கணக்கு போடுறதுக்கு முன்னாடி, மோதினா எந்தப் பக்கம் அடி விழும், உள்ள இருக்கிற ஆள் எந்தப் பக்கம் இறங்குவான்னு ஒரு படம் வரைஞ்சு பாருங்க. இன்னொண்ணு: பழைய பெட்ரோல் டேங்க் காலியா இருக்குன்னு நினைச்சு வெல்டிங் வைக்காதீங்க. உள்ளே இருக்கிற ஆவி ஒண்ணே போதும் வெடிக்க.